கண் டாக்டரிடம் போவதாகச் சொன்னவர்

முகத்துக்கு நேரே அவர் மாஸ்டர். முதுகுக்குப் பின்னால் பிரேக் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியின் வண்டிகளில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் பயிற்சியாளர் அதை மிதிப்பார். மற்றவர்கள் ஆபத்து வந்தால் மிதித்தார்கள். இவர் ஆபத்து வருமோ என்று தோன்றினாலே மிதித்தார். கூடவே ஒரு கத்தல். வண்டி நிற்பதற்கு முன்பே அந்தக் கத்தல் போய்க் காதில் நின்றுவிடும்.

"கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு, தலை சீவவா?"

"ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொன்னா மாவு பிசையுறீங்களே."

"எங்கயாவது முட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்னு வேண்டுதலா உங்களுக்கு?"

இத்தனை பேச்சையும் ஜனங்கள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அவரிடம் கற்றவர்கள் உரிமத் தேர்வில் தோற்றதாகக் கேள்விப்படுவது அபூர்வம். "திட்டு வாங்கினாலும் வண்டி கைக்கு வந்துரும்" என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அவரும் தன் கோபத்தை ஒரு பதக்கம் மாதிரி சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார். தலை நரைத்தது, மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீட்டில் அவரும் மனைவியும் மட்டும் என்று ஆயிற்று. குரல் மட்டும் இளைக்கவில்லை.

மனைவி மழலையர் பள்ளியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தாள். அவர் வீட்டில் கத்தத் தொடங்கினால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அங்கே குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்கும். கழுவ ஒன்றும் இல்லாத நாளிலும் அந்தத் தண்ணீர் ஓடும். அவர் அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது அவரிடம் வண்டி பழக வந்த, பொது நூலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்மணி.

நூலகக்கார அம்மாவுக்கு அவர் வயதுதான் இருக்கும். சன்னமான குரல். ஒவ்வொரு கத்தலுக்கும் "சரிங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்வார். ஒருநாள் நகரத்தின் பெரிய ரவுண்டானாவில் அந்த அம்மா கியரை மாற்ற மறந்து, வண்டி குலுங்கி, பின்னால் வந்த லாரி ஹாரனை அமுக்கிப் பிடித்துவிட்டது. மாஸ்டர் பிரேக்கை மிதித்தார். பிறகு வாயைத் திறந்தார். என்னென்ன சொன்னார் என்று அவருக்கே முழுதாக நினைவில்லை. "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இது, வீட்டுல சும்மா இருக்க முடியாதா" என்று முடித்தது மட்டும் நினைவிருந்தது.

அந்த அம்மா கைப்பிரேக்கை இழுத்தார். இன்ஜினை அணைத்தார். பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து இறங்கி, நிற்கிற வண்டிகளுக்கு நடுவே நிதானமாக நடந்து நடைபாதையில் ஏறிப் போய்விட்டார். சாவியும் அவர் கையோடு போய்விட்டது.

ஊரே சுற்றி நின்று ஹாரன் அடிக்க, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார் மாஸ்டர். அவருக்கு முன்னால் ஸ்டியரிங்கும் இல்லை, வண்டியில் சாவியும் இல்லை. கடைசியில் ஒரு பூக்கடைக்காரரும் போக்குவரத்துக் காவலரும் பின்னால் தள்ள, இவர் கைப்பிரேக்கை இறக்கிவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சாவி இல்லாமலும் திரும்புகிற அந்தப் பழைய வண்டியின் ஸ்டியரிங்கைத் திருப்பி ஓரம் கட்டினார். "என்ன மாஸ்டர், பொண்டாட்டி கோவிச்சுட்டுப் போய்ட்டாங்களா?" என்று காவலர் கேட்டார். முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு.

சாவி மறுநாள் ஓர் ஆள் மூலம் வந்து சேர்ந்தது. அந்த அம்மா வரவில்லை.

பள்ளி முதலாளி அவரைவிட இளையவர். அப்பாவிடமிருந்து பள்ளியை வாங்கி நடத்துகிறவர். மாஸ்டரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, நான் உங்களை வேலையை விட்டுப் போகச் சொல்லல. ஒரு மனநல ஆலோசகரைப் பார்த்துட்டு வாங்க. தொடர்ந்து பாருங்க. அதுவரைக்கும் ரிவர்ஸ் எடுக்கறது மட்டும் மைதானத்துல சொல்லிக்கொடுங்க."

"எனக்கு என்ன பைத்தியமா?"

"பைத்தியத்துக்கு இல்லண்ணே. கோவத்துக்கு."

ரோட்டில் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரைப் பொட்டல் மைதானத்தில் பின்னோக்கி ஓட்ட விட்டது பள்ளி முழுக்கத் தெரிந்து போயிற்று. அந்த அவமானம் தாங்காமல்தான் அவர் போனார்.

ஆலோசகரின் அறை ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. அதே மாடியில் எதிர்க் கதவு ஒரு கண் டாக்டருடையது. படியேறும்போது எதிரே இறங்கி வந்தவர் அவரிடம் முன்பு வண்டி பழகிய ஒரு வக்கீல். "மாஸ்டர், நீங்க எங்க இந்தப் பக்கம்?" என்றார் வக்கீல். மாஸ்டர் யோசிக்கவே இல்லை. "கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு சார்" என்றார். பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்ததைப் பார்த்து, வீட்டிலும் அதையே சொல்லிவிட்டார். சொன்னதற்குச் சாட்சி வேண்டுமே என்று கீழே மருந்துக்கடையில் கண் வறட்சிக்கு விற்கிற சாதாரணச் சொட்டு மருந்து ஒன்றையும் வாங்கிப் போனார்.

மனைவி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீங்களா விட்டுக்கிட்டா கன்னத்துலதான் விழும். காலையில நான் விடுறேன்" என்றாள். அன்றிலிருந்து காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவர் நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்காருவார். அவள் பின்னால் நின்று, நெற்றியில் உள்ளங்கையை வைத்து, இமையை விரலால் மெல்லப் பிரித்து ஒரு சொட்டு விடுவாள். எந்தக் குறையும் இல்லாத கண்ணில் மருந்து விழும்போது அவருக்குக் கூச்சமாக இருக்கும். "எரியுதா?" என்பாள். "இல்லை" என்பார். அது ஒன்றுதான் அந்த நேரத்தில் அவர் சொல்கிற உண்மை.

ஆலோசகர் ஒரு பெண். மாஸ்டரின் மகளைவிடச் சில வயது மூத்தவராக இருக்கலாம். "டாக்டர்" என்று மாஸ்டர் கூப்பிட்டபோது, "நான் டாக்டர் இல்லைங்க, மருந்தெல்லாம் எழுத மாட்டேன். பேசத்தான் செய்வோம்" என்றார். பிறகு அவர் "மேடம்" என்று கூப்பிடத் தொடங்கினார். சிறிய அறை. இரண்டு நாற்காலி, இடையில் ஒரு குட்டை மேஜை, அதன்மேல் தண்ணீர்க் குவளை. ஜன்னலுக்கு வெளியே மின்கம்பிகள். எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் பேனா இல்லாதது அவருக்கு வினோதமாக இருந்தது. தன்னைப் பார்த்தபடியே ஒருவர் இவ்வளவு நேரம் கேட்பது இன்னும் வினோதமாக இருந்தது.

கோபம் எப்படி வரும் என்று ஆலோசகர் கேட்டார். எங்கிருந்து தொடங்கும், வயிற்றிலா, நெஞ்சிலா என்று கேட்டார். பிறகு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். கோபம் கிளம்புவது தெரிந்ததும் இரண்டு பாதங்களையும் தரையில் நன்றாக அழுத்த வேண்டும். தரையின் கெட்டியை உணர வேண்டும். மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும்.

அவருக்கு அப்போதே தெரியும், இது ஆகாது என்று. வண்டி ஓடும்போது அவருடைய வலது பாதம் தரையில் இருக்காது. பிரேக்குக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். அதைச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் ஆலோசகர் அவ்வளவு அக்கறையாக, தன் பாதங்களையே தரையில் ஊன்றிச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து, நீங்கள் சொல்வது உதவாது என்று எப்படிச் சொல்வது? "செய்றேன் மேடம்" என்றார்.

அடுத்த முறை போனபோது ஆலோசகர் கேட்டார்: "முயற்சி பண்ணிப் பார்த்தீங்களா?"

"பண்ணினேன் மேடம்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. கோவம் அப்படியே கீழ இறங்கிருச்சு."

அந்த நொடியில் ஆலோசகரின் முகம் மலர்ந்த விதத்தை மாஸ்டர் மறக்கவில்லை. அவ்வளவு வருஷத்தில் தன்னால் ஒருவர் இப்படிச் சந்தோஷப்பட்டு அவர் பார்த்ததில்லை. உரிமம் வாங்கியவர்கள்கூட விட்டால் போதும் என்றுதான் கை குலுக்கிவிட்டு ஓடினார்கள். அந்த மலர்ச்சியை இன்னொரு முறை பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்த்தார். பொய் ஒன்றுக்கு மலர்ச்சி ஒன்று. போகப் போகப் பொய்களுக்குக் கை கால் முளைத்தது. ஒரு கல்லூரி மாணவன் சிக்னலைத் தாண்டியபோது தான் ஒரு வார்த்தை பேசாமல் புன்னகைத்ததாகச் சொன்னார். மனைவி பாலைப் பொங்கவிட்டபோது தானே அடுப்பைத் துடைத்ததாகச் சொன்னார். சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை வந்தது. படியிறங்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நிஜத்தில் அவர் முன்னைவிட அதிகமாகக் கத்திக்கொண்டிருந்தார். முதலாளி அவரை மறுபடி சாலைக்கு அனுப்பியிருந்தார். 'நல்லா முன்னேறிட்டேன்னு மேடமே சொல்றாங்க' என்று இவரே போய்ச் சொன்னதை நம்பித்தான். உள்ளே பதுக்கின பொய் வேறு அழுத்த, எடுத்ததற்கெல்லாம் வெடித்தார்.

ஒரு மாலை. பெரிய சந்திப்பில் சிவப்பு விழுந்திருந்தது. ஸ்டியரிங்கில் இருந்தவள் கல்யாணம் நிச்சயமான ஒரு பெண். பதற்றத்தில் கிளட்சை விட்டு வண்டியை அணைத்துவிட்டாள். புழுக்கத்துக்காக ஜன்னல் கண்ணாடிகள் இறங்கியிருந்தன. மாஸ்டர் கையை உயர்த்தி, தெருவுக்கே கேட்கிற குரலில் கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அழ ஆரம்பித்திருந்தாள். "அழுதா வண்டி நகருமா?" என்று கேட்டபடி அவர் முகத்தைத் தன் ஜன்னல் பக்கம் திருப்பினார்.

நடைபாதை ஓரத்தில், கையில் காய்கறிப் பையோடு, சாலையைக் கடக்க நின்றுகொண்டிருந்தார் ஆலோசகர். கை நீட்டினால் தொடுகிற தூரம்.

இருவர் கண்களும் சந்தித்தன. ஆலோசகர் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை, தெரிந்தவர் போலக் காட்டிக்கொள்ளவும் இல்லை. ஆலோசனைக்கு வருகிறவரை வெளியில் காட்டிக்கொடுக்காமல் இருப்பது தொழில் மரியாதை என்று மாஸ்டருக்கு அப்போது தெரியாது. தன்னைக் கைகழுவிவிட்டார் என்றே நினைத்தார். உயர்த்தின கை உயர்த்தியபடியே நின்றது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. காது மடல்கள் கொதித்தன. பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. "மாஸ்டர், போகவா?" என்று அந்தப் பெண் அழுகையோடு கேட்டாள். "போம்மா" என்றார். அது அவர் குரல் மாதிரியே இல்லை.

அந்த வாரம் ஆலோசகரிடம் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. வீட்டில் மட்டும் "கண் டாக்டரைப் பார்த்துட்டு வர்றேன்" என்று வழக்கமான நேரத்துக்குக் கிளம்பிவிடுவார். ஒரு பூங்காவின் இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்து, நேரம் கழித்துத் திரும்புவார். ஆலோசனைக்குப் போவதை மறைத்துப் பொய் சொன்னது போக, இப்போது போகாததை மறைக்கவும் அதே பொய் வேலை செய்தது. பெஞ்சில் உட்கார்ந்து சிக்னலில் நடந்ததையே நினைத்துக்கொண்டிருந்தார். புன்னகைத்தேன், அடுப்பைத் துடைத்தேன் என்று தான் அளந்ததெல்லாம் ஆலோசகரின் மனதில் இப்போது எப்படி ஒலிக்கும்? நினைக்க நினைக்க உடம்பு கூனிக் குறுகியது.

மூன்றாவது வாரம் பெஞ்சில் இருக்கும்போது கைபேசி அடித்தது.

"நான் பேசுறேங்க" என்றார் ஆலோசகர். "உங்க நேரத்தை வேற யாருக்கும் கொடுக்கல. இப்பவும் காலியாத்தான் இருக்கு."

"கொஞ்சம் வேலை மேடம்..."

"இருக்கட்டும். வரணும்னு கட்டாயம் இல்லை. ஆனா சிக்னல்ல பார்த்ததுக்காக வராம இருக்கீங்கன்னா, அதைப் பேசுறதுக்காகவாவது ஒரு தடவை வாங்க. எனக்கும் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு."

திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று தோன்றியது. திட்டு வாங்கிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு யாருக்கும் முகம் காட்ட வேண்டாம் என்று நினைத்துத்தான் மறுநாள் படியேறினார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்கிற பையன் மாதிரி, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்கணும்" என்றார் ஆலோசகர்.

மாஸ்டர் நிமிர்ந்தார்.

"நீங்க நல்லா இருக்குன்னு சொன்னப்பல்லாம் எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. அதை உங்க முன்னாடி அளவுக்கு மீறிக் காட்டிட்டேன். அதுக்கப்புறம் நல்லா இல்லைன்னு சொல்ல உங்களுக்கு இங்க இடமே இல்லாம போயிருச்சு. சிக்னல்ல பார்த்துட்டு வீட்டுக்குப் போய் யோசிச்சேன். ஒரு தடவையாவது, 'நான் சொன்ன பயிற்சி உங்களுக்கு ஒத்துவருதா'ன்னு கேட்டேனா? கேட்கல. அது என் தப்பு."

திட்டுக்குத் தயாராக வந்தவருக்கு மன்னிப்பை என்ன செய்வதென்று தெரியவில்லை. பொய் சொன்னது இவர். மன்னிப்புக் கேட்பது அவர். வெட்கம் தலைக்கேறியது. அது அங்கே நிற்கவில்லை. வழக்கமாக எங்கே போய் முடியுமோ அங்கே போய் முடிந்தது.

"உங்க மன்னிப்பு யாருக்கு வேணும்?" என்று கத்தினார். "பாதத்தைத் தரையில அழுத்தணுமாம். என் காலு பிரேக்கு மேல நிக்குது மேடம். அதைத் தரையில வச்சா லாரிக்கு அடியில போய்ருவேன். இதுகூடத் தெரியாம, ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு..." உள்ளங்கையால் மேஜையை அறைந்தார். குவளை சாய்ந்து, தண்ணீர் மேஜை விளிம்பு வழியே தரையில் கொட்டியது.

ஆலோசகரின் நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது. அவருடைய ஒரு கை நெஞ்சுக்குப் போயிருந்தது. முகம் வெளிறியிருந்தது.

மாஸ்டர் அதைப் பார்த்தார். கத்தி முடித்ததும் எதிராளியின் முகத்தைப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை, சாலையைத்தான் பார்ப்பார். இங்கே பார்க்கச் சாலை இல்லை.

"பயந்துட்டீங்களா?" என்றார், தணிந்த குரலில்.

"ஆமா" என்றார் ஆலோசகர். "பயந்துட்டேன். நெஞ்சு இன்னும் அடிச்சுக்குது. ஒரு நிமிஷம் இருங்க." மூச்சை இழுத்து விட்டார். நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் எங்கயும் போகல. நீங்களும் போயிடாதீங்க. நீங்க இப்ப சொன்ன பிரேக் விஷயம் எனக்குத் தெரியாது. அதை முழுசாச் சொல்லுங்க."

பயந்தேன் என்று இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. பயந்தவர்கள் தலையைக் குனிந்தார்கள், உதட்டைக் கடித்தார்கள், இறங்கிப் போனார்கள், குழாயைத் திறந்துவிட்டார்கள். பயந்ததைச் சொல்லிவிட்டு எதிரேயே உட்கார்ந்திருந்தவர் இவர் ஒருவர்தான். அவருக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. போக முடியாததால் குனிந்து, முழங்காலிட்டு, தன் கைக்குட்டையால் தரையிலிருந்த தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"இருக்கட்டுங்க, நான் துடைச்சுக்கறேன்."

அவர் நிறுத்தவில்லை. துடைத்துக்கொண்டே, முகத்தைத் தூக்காமல், "எனக்கும் அதேதான் மேடம்" என்றார்.

"எது?"

"பயம்."

ஆலோசகர் சாய்ந்த குவளையை நிமிர்த்தி வைத்தார்.

"வண்டி நகர்ந்தாலே பயம். முதல் நாள்லேருந்து இருக்கு. என் முன்னாடி ஸ்டியரிங் கிடையாது. ஓட்டத் தெரியாத ஒருத்தர் கையில உசிரைக் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்கேன். லாரி பக்கத்துல வந்தா இதோட முடிஞ்சுதுன்னு தோணும். கத்தினா அது வெளிய தெரியாது. கோவக்காரன்னு பேரு வந்தா பரவால்ல. பயந்தாங்கொள்ளின்னு தெரிஞ்சா எவன் வருவான் என்கிட்ட கத்துக்க?"

சொல்லி முடித்தபோது கைக்குட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதைப் பிழிய இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தார். அன்று ஆலோசகர் அவரைப் பாராட்டவில்லை. முகம் மலரவும் இல்லை. "இதை எத்தனை காலமா தனியா சுமந்திருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். 

அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கியது. பழைய பயிற்சியை இருவருமாகத் தூக்கிப் போட்டார்கள். "உங்க காலு பிரேக்கு மேலயே இருக்கட்டும்" என்றார் ஆலோசகர். "வாய்க்கு வேற என்ன வேலை கொடுக்கலாம்? உங்க வண்டியைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்க." மாஸ்டர் யோசித்துச் சொன்னார், சிலது சரிப்பட்டது, சிலது சரிப்படவில்லை. கண்ணில் பட்டதை மட்டும் சொல்வது, ஆளைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது என்று கடைசியில் முடிவாயிற்று. 'இடது பக்கம் சைக்கிள்.' 'முன்னாடி லாரி, மெதுவா.' கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருந்தது. செய்யும்போது ஒவ்வொரு தடவையும் நாக்கைக் கடித்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. தோற்ற நாட்களே அதிகம். இப்போது போய்ச் சொல்ல முடிந்தது, அவ்வளவுதான். "இன்னிக்கு மானம் கெட்டுத்தான் வந்திருக்கேன் மேடம்" என்று ஆரம்பிப்பார். "உட்காருங்க, கேட்போம்" என்பார் ஆலோசகர். சொல்லச் சொல்ல வெட்கம் குறையும் என்று நினைத்தார். குறையவில்லை. ஆனால் வெட்கத்தோடு ஓர் அறையில் உட்கார்ந்திருக்க முடியும் என்று தெரிந்தது.

வீட்டில் ஒரு காலை, மனைவி சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு வந்தபோது, "எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லை" என்றார்.

"தெரியும்" என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு ஒருநாள் தெருக்கோடியில வர்ற பஸ்ஸோட போர்டை இங்கேருந்தே படிச்சீங்க. கண்ணு மங்கினவர் படிக்கிற தூரமா அது?"

"அப்புறம் ஏன் விட்டுக்கிட்டே இருந்தே?"

அவள் மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள். "அந்த நேரத்துலதான் நீங்க கத்தாம என் பக்கத்துல இருக்கீங்க" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அவருக்கு அதுதான் அதிகமாக வலித்தது. எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்பதை மென்று விழுங்கிச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். "எனக்கும் பயம்தான்" என்றாள் முடிவில். "உங்களைப் பார்த்து." அவர் தலையை ஆட்டினார். எழுந்து போகவில்லை.

நூலகக்கார அம்மாவைப் பார்க்க வேண்டும் என்பது அவராகவே எடுத்த முடிவு. "மன்னிப்பாங்கன்னு எதிர்பார்த்துப் போனீங்கன்னா ஏமாந்துரலாம்" என்று ஆலோசகர் எச்சரித்தார். "எதிர்பார்க்கல" என்றார். கொஞ்சம் எதிர்பார்த்தார்.

நூலகத்தில் அந்த அம்மா திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் தலைகுனிந்து படிக்கிற கூட்டம். மாஸ்டரின் குரலுக்குக் கிசுகிசுத்துப் பழக்கமில்லை. "அன்னிக்கு நான் பேசினது..." என்று தொடங்கியதுமே பல தலைகள் நிமிர்ந்தன. குரலைத் தாழ்த்தினார். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது. உங்க ஓட்டத்துல பெரிய குறை ஒண்ணும் இல்லை. கியர் ஒண்ணு மாத்த மறந்தீங்க, அவ்வளவுதான்."

அந்த அம்மா கையிலிருந்த புத்தகங்களைக் கீழே வைத்தார். "அதுக்கப்புறம் நான் ஸ்டியரிங்கைத் தொடல" என்றார். "வீட்டுல வண்டி நிக்குது. வீட்டுக்காரருக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சு, ஆஸ்பத்திரிக்குப் பஸ்லதான் கூட்டிட்டுப் போனேன்."

"வேணும்னா நானே வந்து..."

"வேண்டாங்க." குரல் அதே சன்னம்தான், ஆனால் உதட்டைக் கடிக்கவில்லை. "நீங்க வந்து சொன்னீங்க. கேட்டுக்கிட்டேன். அதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியல."

வெளியே வந்து நூலகப் படிக்கட்டில் நின்றார். முட்டி அறுவை செய்துகொண்ட மனிதரோடு அந்த அம்மா பேருந்தில் ஏறி இறங்குகிற காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. இதற்கு எந்தப் பயிற்சியும் இல்லை. அந்த வாரம் ஆலோசகரிடம் இதைச் சொன்னபோது அவரும் ஆறுதல் எதுவும் சொல்லிப் பூசி மெழுகவில்லை. "இது உங்ககூட இருக்கப்போற விஷயம்" என்றார். அது நியாயமாகப் பட்டது.

பிரேக் மாஸ்டர் என்ற பெயர் அவரை விட்டுப் போகவில்லை. இன்னும் எப்போதாவது கத்திவிடுகிறார். முன்பு கத்திவிட்டு மறந்துபோவார். இப்போது நாள் முழுக்க அது அவரோடு வருகிறது. ஆலோசகரிடம் போவது குறைந்து, எப்போதாவது என்று ஆகியிருக்கிறது. முதலாளியிடம் அவரே போய், 'நல்லா முன்னேறிட்டேன்னு அன்னிக்குச் சொன்னது பொய்' என்று ஒப்புக்கொண்டார். முதலாளி, "சரிண்ணே, டீ குடிக்கறீங்களா?" என்று கேட்டார்.

அண்மையில் ஒருவர் வண்டி பழக வந்தார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாஸ்டரைவிட மூத்தவர். மேம்பாலத்து இறக்கத்தில் அவர் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டார். வண்டி எதிர்ப்பக்கத்துக் கோட்டைத் தொட்டது. எதிரே ஒரு தண்ணீர் லாரி. மாஸ்டர் பிரேக்கை மிதித்தார். லாரி உரசாமல் போனது. "யோவ், உமக்கு..." என்று பாதி வந்துவிட்டது. மீதியை விழுங்கினார். 

"ஓரமா நிறுத்துங்க சார்" என்றார்.

பெரியவர் ஓரம் கட்டினார்.  மாஸ்டரின் காது கொதித்தது. தன்னைவிட மூத்த ஒருவரிடம், பணம் கட்டிக் கற்றுக்கொள்ள வந்தவரிடம், இதை எப்படிச் சொல்வது?

"கத்த வந்தேன், தப்புதான்" என்றார். "நான் பயந்துட்டேன் சார்."

பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "நானும்தான்" என்றார். "வேட்டி கட்டியிருந்தா அவிழ்ந்தே போயிருக்கும்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. அசடு வழியச் சிரித்தார். இருவரும் இறங்கி, மேம்பாலத்துச் சுவரில் சாய்ந்து, ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள்.  கீழே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு பெரியவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். மாஸ்டர் சுற்றி வந்து, தன் பக்கத்துக் கதவைத் திறந்தார்.